கூடமும் கோணல்தான்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. தன் குறையை மறைப்பதற்காகப் பிறிதொன்றின்மீது பழி சுமத்துவோரை எள்ளி நகையாட இதனினும் கூரிய வாக்கியம் கிடைப்பது அரிது. பரீட்சையிலே தவறிய மாணவன் வினாத்தாளைக் குறைகூறும்போதும், தொழிலிலே நட்டமடைந்தவன் காலத்தை நோகும்போதும் இப்பழமொழி நம் வாயில் தானாகவே வந்துவிடுகின்றது. ஆயினும் இதனைச் சொல்லிச் சிரிக்கும் நாம் ஒன்றை மட்டும் செய்வதில்லை. எழுந்து சென்று, நூல்பிடித்து, அக்கூடத்தை அளந்து பார்ப்பதில்லை. அவளுக்கு ஆடத் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கூடமும் கோணலாக இருந்தால்? இரண்டும் ஒருங்கே உண்மையாக இருந்தால், அவளுக்கு ஆட்டம் பழக்க வந்த ஆசான் எதைச் சொல்லக் கடமைப்பட்டவன்?

இது வெறும் தருக்க விளையாட்டன்று. பலரை உள்ளே சேர்த்துச் சிலரை மட்டும் மேலே அனுப்பும் எந்த ஏற்பாட்டிலும், அது பள்ளிக்கூடமாயினும் தொழிற்கூடமாயினும், கற்பிப்போனின் மனச்சாட்சியை உறுத்தவேண்டிய வினா இது. இதனை ஆராய்வதற்கு நமக்கு வெகுதொலைவிலுள்ள ஓரிடத்தை, அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டக்களத்தை, எடுத்துக்கொள்கின்றேன். அங்கே ஒவ்வொருவனின் வெற்றியும் தோல்வியும் எண்களிலே பதியப்பட்டிருக்கின்றன. கூடத்தின் கோணலோ சட்டப் புத்தகங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பதியப்பட்டிருக்கின்றது. ஆகவே இரண்டையும் அளந்து பார்ப்பது அங்கு எளிது.

கிரிக்கெட் ஆட்டத்தை அறிந்த நமக்குப் பேஸ்போல் முற்றிலும் அந்நியமானதன்று. ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் உருண்டையான மட்டையால் அதனை அடித்துவிட்டுத் தளத்துக்குத் தளம் ஓடுவார். எறியப்படும் பந்து, அடிப்பவரின் முன்னுள்ள ஒரு குறித்த எல்லையைக் கடந்து வரவேண்டும். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் அடிப்பவர் ஆட்டமிழப்பார். நான்கு பந்துகள் எல்லைக்குப் புறம்பாகச் சென்றுவிட்டால், மட்டையை வீசாமலே முதலாம் தளத்துக்கு நடந்து செல்லும் உரிமை அவருக்குக் கிடைத்துவிடும். எனவே பந்தெறிவோருக்கு வேகம் மட்டும் போதாது. எல்லையும் கைவசப்பட வேண்டும்.

இவ்வாட்டம் அங்கு இரண்டு தட்டுகளாக நடைபெறுகின்றது. மேல்தட்டு பெரு லீக். இன்று அதில் 30 குழுக்கள் உள்ளன. புகழும் பொருளும் தொலைக்காட்சியும் அங்கேயே. கீழ்த்தட்டு சிறு லீக். அதற்குள்ளும் பல படிகள் உண்டு. பதினெட்டு வயதில் ஒப்பந்தத்திற் கையெழுத்திடும் இளைஞன் ஒருவன் அடிப்படியிலிருந்து தொடங்கி, சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் ஆடி, பஸ்ஸிலே இரவுப் பயணம் செய்து, மேலே அழைக்கப்படும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்பான். பெரும்பாலோருக்கு அந்நாள் வருவதேயில்லை.

1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்னும் கழகத்தின் நிர்வாகியாயிருந்த பிராஞ்ச் ரிக்கி, இச்சிறு குழுக்களைப் பெருங்கழகமே வாங்கித் தன்வசம் வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். செல்வம் மிகுந்த கழகங்களோடு போட்டியிட்டு ஆட்டக்காரரை விலைகொடுத்து வாங்க முடியாதபோது, அவர்களை மலிவாக வளர்த்தெடுப்பதே வழி என்பது அவருடைய கணக்கு. 1930களின் இறுதியில் அவருடைய கழகத்தின் பிடியில் முப்பதுக்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தன. இந்த ஏற்பாட்டுக்கு அங்கு வழங்கும் பெயர் 'பண்ணை முறை' என்பதாகும். பெயரை இட்டவர்கள் அறிந்தே இட்டார்களோ அறியாமல் இட்டார்களோ, பொருத்தமான பெயர்தான். பண்ணையிலே விதை பல தூவப்படும். விளைச்சல் வேறிடத்துக்குச் செல்லும். எஞ்சியது பதரென்று ஒதுக்கப்படும்.

இப்பண்ணையின் உள்ளியக்கத்தை ஒரு கணம் உற்றுநோக்க வேண்டும். ஒரு சிறு குழுவில் இருபதுக்கு மேற்பட்ட இளைஞர் இருப்பர். அவர்களுள் பெருங்கழகம் உண்மையாக எதிர்பார்ப்பது இருவரையோ மூவரையோதான். ஆனால் அந்த இருவரும் மூவரும் தேர்ச்சி பெறுவதற்கு ஆட்டம் நடைபெற வேண்டும். ஆட்டம் நடைபெற மற்றையோரும் களத்தில் நிற்க வேண்டும். அவர்கள் நிற்பதற்கு, தாமும் தெரிந்தெடுக்கப்படலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்க வேண்டும். ஆகவே நம்பிக்கையே அவர்களுக்கு அளிக்கப்படும் சம்பளத்தின் பெரும்பகுதியாகின்றது. அந்த நம்பிக்கையை நாள்தோறும் பங்கிட்டுக் கொடுப்பவர் யார்? குழுவின் முகாமையாளரும் பயிற்றுநருமே. அவர்களுட் பலர், தாமும் ஒருகாலத்தில் அதே நம்பிக்கையை உண்டு வாழ்ந்து, மேலே அழைக்கப்படாமலே ஓய்ந்தவர்கள். இங்கேதான் நம் வினா உயிர்பெற்று எழுகின்றது.

ஏர்ல் வீவர் 1930 இல் செயின்ட் லூயிஸ் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் சலவை நிலையம் நடத்தியவர். நகரத்துக் கழக ஆட்டக்காரர்களின் சீருடைகள் அங்கு வெளுக்கப்பட்டு வந்தன. சிறுவயதிலே அந்தச் சீருடைகளைக் கண்டு வளர்ந்த மகன், 1948 இல் அதே கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, இலினோய் மாநிலத்தின் வெஸ்ட் பிராங்பேர்ட் என்னும் சிற்றூர்க் குழுவில் தம் தொழில் வாழ்வைத் தொடங்கினார். குள்ளமான உருவம், ஓட்டத்தில் வேகமில்லை, கையிலும் பெரிய வலுவில்லை. ஆனால் ஆட்டத்தை அறிந்துகொள்ளும் கூர்மை இருந்தது. அக்கூர்மையே அவரைப் படிப்படியாக மேலே தள்ளியது.

1952 ஆம் ஆண்டின் வசந்தகாலப் பயிற்சி முகாமில் அவர் பெரு லீக் வாசலிலே நின்றார். ஆனால் அவர் ஆடிய இரண்டாம் தளத்தில் ரெட் ஷோன்டின்ஸ்ட் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஏற்கனவே இருந்தார். போதாக்குறைக்கு, அவ்வாண்டு முகாமையாளராகப் பொறுப்பேற்ற எடி ஸ்டாங்கியும் அதே தளத்தில் ஆடுபவர். வீவர் கீழே அனுப்பப்பட்டார். பெரு லீக் ஆட்டம் ஒன்றிலேனும் மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அதற்குப் பின் கிட்டவேயில்லை.

1956 இல், டெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் குழுவிலே ஆடிக்கொண்டிருந்தபோது, ஆட்டக்காரராக இருந்தவாறே முகாமையாளர் பொறுப்பும் அவர்மீது விழுந்தது. அவ்வாண்டில் அவருக்கு 26 வயது நிறைந்தது. மறு ஆண்டு பால்டிமோர் ஓரியோல்ஸ் கழகத்தின் பண்ணைக்குள் நுழைந்து, ஜோர்ஜியாவின் பிட்ஸ்ஜெரால்ட் என்னும் ஊரில், ஏணியின் அடிப்படியில் மீண்டும் தொடங்கினார். அங்கிருந்து ஊர் ஊராக மாறிச் சென்ற அவர், 1968 இல் பால்டிமோர் பெருங்கழகத்தின் முகாமையாளர் ஆனார். 1970 இல் அக்கழகம் உலகத் தொடரை வென்றது. 1,480 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற அவருக்கு 1996 இல் பேஸ்போல் புகழ்மண்டபத்தில் இடமளிக்கப்பட்டது. 2013 இல் காலமானார்.

இவ்வரலாற்றை எழுதுவோர் பலர் இங்கே நிறுத்திக்கொண்டு, "தோல்வியே வெற்றிக்கு முதற்படி" என்று முத்திரை குத்திவிடுவர். அது வசதியான முடிவு. ஆனால் நேர்மையான முடிவன்று. மேலே நின்று எண்ணினால் எல்லாமே படிகளாகத்தான் தோன்றும். கீழே நின்று எண்ணினால், பல படிகள் எங்கும் செல்லாமல் பாதியிலே நின்றுவிடுவதைக் காணலாம். 1949 இல் அமெரிக்காவில் 59 சிறு லீக் சங்கங்கள் இயங்கின. அவற்றில் ஆடிய ஆயிரக்கணக்கான இளைஞருள் ஒரு வீவர் புகழ்மண்டபத்தை எட்டினார் என்பது, ஏனையோரின் தோல்வி வீண்போகவில்லை என்பதற்குச் சான்றாகாது. ஒருவன் கரையேறிய செய்தி, மூழ்கியோருக்கு ஆறுதலும் ஆகாது.

ஆகவே வீவருடைய வெற்றியை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் புகழ் பெறுவதற்கு முந்திய ஓராண்டை, 1962 ஐ, நோக்குவோம். அவ்வாண்டு அவர் நியூயோர்க் மாநிலத்தின் எல்மைரா நகரில், சிறு லீக்கின் நடுப்படியிலுள்ள ஒரு குழுவை நடத்தினார். அங்கு அவரிடம் வந்து சேர்ந்தவர் ஸ்டீவ் டல்கொவ்ஸ்கி.

டல்கொவ்ஸ்கி 1939 இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் என்னும் தொழில் நகரிற் பிறந்தவர். 1957 இல் உயர்பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் 4,000 டொலர் முன்பணம் கொடுத்து அவரைப் பால்டிமோர் கழகம் எடுத்துக்கொண்டது. அவரைப்போல் வேகமாகப் பந்தெறிந்தவர் எவருமிலர் என்று அவரோடு ஆடியோர் இறுதிவரை சாதித்தனர். ஆனால் பந்து எங்கே செல்லும் என்பது எறிந்தவருக்கே தெரியாது. முதலாண்டிலே கிங்ஸ்போர்ட் குழுவில் 62 இன்னிங்ஸ் எறிந்து 121 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். 129 பேரை இலவசமாக நடக்கவிட்டார். 1960 இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்டன் குழுவில் 170 இன்னிங்ஸ். ஆட்டமிழந்தோர் 262, நடந்து சென்றோரும் 262. கொடையும் குறையும் இத்துணைச் சமமாக ஒரு மனிதனிடத்தே நிறைந்திருந்தமை வியப்புக்குரியது.

கழகம் இவ்வற்புதத்தை என்ன செய்தது? 1958 இல் இராணுவச் சோதனைக் களம் ஒன்றுக்கு அனுப்பிக் கருவிகொண்டு அவருடைய பந்தின் வேகத்தை அளந்தது. பயிற்றுநர்கள் மாறி மாறி வந்து காலை இவ்வாறு வை, கையை அவ்வாறு வளை, வேகத்தைக் குறை, பார்வையை நிறுத்து என்று ஓயாது போதித்தனர். தளத்தின் இருபுறமும் ஆளை நிறுத்தி, நடுவே எறியச் செய்தும் பார்த்தனர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னார்கள். அவருக்கு எவ்வளவு விளங்குகின்றது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை. பந்தின் வேகத்தை அளக்க இராணுவத்தின் கருவி இருந்தது. பந்தை எறிந்தவனின் மனத்தை அறிய ஓர் ஆசான் இல்லை.

எல்மைராவில் வீவர் தம் ஆட்டக்காரருக்கு ஓர் அறிதிறன் சோதனை நடத்தினார் என்றும், அதன்பின்னரே டல்கொவ்ஸ்கியிடம் இருந்த இடர்ப்பாட்டை உணர்ந்தார் என்றும் பின்னாளில் அவரே கூறியுள்ளார். ஒரேநேரத்திற் பல அறிவுரைகளை மனத்திற் கொள்வது அவ்விளைஞருக்கு இயலாததாயிருந்தது. ஆகவே வீவர் செய்தது மிக எளிய காரியம். சொல்வதைக் குறைத்தார். இரண்டு வகையான எறிதல் மட்டும் போதும். ஏனையவற்றை மறந்துவிடு என்றார். அவ்வாண்டு டல்கொவ்ஸ்கி 160 இன்னிங்ஸ் எறிந்து 192 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். நடக்கவிட்டது 114 பேரை மட்டுமே. இரண்டாண்டுகளுக்கு முந்திய 262 ஐ நினைவிற்கொண்டால் இம்மாற்றத்தின் அளவு விளங்கும்.

வீவர் மென்மையான மனிதரல்லர். நடுவரோடு சண்டையிட்டுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட தடவைகள் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்; தம் ஆட்டக்காரரோடும் ஓயாது வாதாடியவர். ஆகவே அவருடைய கற்பித்தலின் இரகசியம் கனிவு அன்று. அது ஒருவகைப் பார்வை. பெருங்கழகத்தை நடத்திய காலத்தில், ஒவ்வோர் அடிப்பவரும் ஒவ்வொரு பந்தெறிவோருக்கு எதிரே எவ்வாறு ஆடினார் என்பதைச் சிறு அட்டைகளிற் குறித்து வைத்திருந்தார். பொதுவில் பலவீனமானவர் என்று கருதப்பட்டவரும், குறித்த ஒருவருக்கு எதிரே குறித்த ஒருநாளில் வல்லவராக இருக்கக்கூடும் என்பதை அவ்வட்டைகள் காட்டின. இவன் உயர்ந்தவனா தாழ்ந்தவனா என்று வீவர் கேட்கவில்லை. இவன் எதைச் செய்ய வல்லவன் என்று கேட்டார்.

இப்பார்வை அவருக்கு எங்கிருந்து வந்தது? இயற்கையின் கொடையால் மேலேறியவனுக்குத் தான் செய்வது இன்னதென்று பெரும்பாலும் தெரிவதில்லை. அவனுடைய கை செய்துவிடுகின்றது. மனம் அறியவேண்டிய தேவையில்லை. கொடை குறைந்தவனோ ஒவ்வோர் அசைவையும் எண்ணி எண்ணிக் கற்கவேண்டியிருக்கின்றது. எங்கே வழுக்கும், எங்கே தடுக்கும் என்பதை அவன் உடம்பால் அறிவான். வீவர் தம் ஆட்டத்தின் எல்லையை ஒப்புக்கொண்ட அன்றே ஆசானாகத் தொடங்கினார் எனலாம். ஸ்டாங்கி தம் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்று ஆயுள் முழுவதும் புழுங்கிக்கொண்டிருந்தால், அவர் ஒரு கசந்த மனிதராக மட்டுமே முடிந்திருப்பார். தனக்கு ஆடத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு, ஆட்டம் பழக்குவோனுக்கு வேண்டிய முதல் தகுதி.

இதனை நம்மனோர் சற்று அழுத்தமாகவே சொல்லிக்கொள்ள வேண்டும். சமுதாய அமைப்பை மாற்ற விழைவோரிடையே ஒரு சோம்பல் உண்டு. கூடம் கோணல் என்ற உண்மையைக் கற்றுக்கொண்டபின், ஆட்டத்தைக் கற்கவேண்டிய தேவையில்லை என்று எண்ணிவிடுவது அது. மாணவன் தவறினால் அமைப்பே காரணம், ஆகவே அவனுடைய கணக்கைத் திருத்தவேண்டியதில்லை என்று இருந்துவிடும் ஆசிரியன், அமைப்பை எதிர்ப்பவன் அல்லன், அம்மாணவனைக் கைவிட்டவன். எல்மைராவில் வீவர் பண்ணை முறையைக் கண்டித்துச் சொற்பொழிவாற்றிவிட்டுப் போயிருந்தால், டல்கொவ்ஸ்கியின் பந்து எல்லைக்குள் வந்திராது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1963 ஆம் ஆண்டின் பயிற்சிக் காலத்தில், பெரு லீக் குழுவில் இடம்பெறுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட வேளையில், ஓர் ஆட்டத்தின் நடுவே டல்கொவ்ஸ்கியின் முழங்கையிலே காயம் ஏற்பட்டது. பழைய வேகம் திரும்பவேயில்லை. 1965 இல் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்தது. பெரு லீக் ஆட்டம் ஒன்றிலும் அவர் எறியவில்லை. பின்னர் கலிபோர்னியாவின் வயல்களிலும் தோட்டங்களிலும் கூலியாளாகக் காய்கனி பறித்தார். முன்னரே தொற்றியிருந்த குடிப்பழக்கம் அவரை முழுவதும் விழுங்கியது. பண்ணை முறையிலே பயிராக வளர்க்கப்பட்டவர், உண்மைப் பண்ணையிலே கூலியாகிப்போனார். 1988 இல் 'புல் டர்ஹம்' என்ற திரைப்படம் வெளிவந்தது. பால்டிமோர் கழகத்தின் பண்ணையிலே தாமும் ஆடிய ரொன் ஷெல்டன் இயக்கிய படம் அது. வேகம் மிகுந்து கட்டுப்பாடு குன்றிய இளைஞன் ஒருவனையும், அவனைப் பழக்கி மேலே அனுப்பிவிட்டுத் தான் கீழேயே நின்றுவிடும் மூத்த ஆட்டக்காரன் ஒருவனையும் பற்றிய கதை. அவ்விளைஞனின் பாத்திரம் டல்கொவ்ஸ்கியைப் பற்றி வழங்கிய கதைகளிலிருந்து பிறந்தது. நாடு முழுவதும் அதைக் கண்டு சிரித்து மகிழ்ந்தது. 1994 இல் டல்கொவ்ஸ்கி நோயுற்றவராகத் தம் பிறந்த ஊருக்கு அழைத்துவரப்பட்டு, பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்தார். 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றினால் காலமானார்.

அவருடைய வீழ்ச்சிக்கு அவரிடமும் காரணம் இருந்தது. அதை மறைத்தால் நாமும் அப்பழமொழிக்கு இலக்காவோம். குடியைக் கழகம் ஊற்றிக்கொடுக்கவில்லை. முழங்கைக் காயம் எவருடைய சூழ்ச்சியுமன்று. ஆனால் நாம் கேட்கவேண்டியது வேறு. ஒன்பது ஆண்டுகள் உழைத்த ஒரு தொழிலாளியின் கை அத்தொழிலிலேயே முறிந்தபோது, அவனுக்கு உரிமையாக எது இருந்தது? பெரு லீக்கில் ஆடாதவருக்கு அதன் ஓய்வூதியம் இல்லை. சிறு லீக் ஆட்டக்காரருக்கு அன்று தொழிற்சங்கமே இருக்கவில்லை. பழைய ஆட்டக்காரருக்கு உதவும் அறநிலையங்கள் இடையிடையே கைகொடுத்தன. நண்பர் சிலர் இரங்கினர். அவையெல்லாம் இரக்கத்தின்பாற்பட்டவை, உரிமையின்பாற்பட்டவை அல்ல.

இந்த இடத்திலேதான் கூடத்தை நூல்பிடித்து அளக்கவேண்டியிருக்கின்றது.

1922 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பேஸ்போல் ஆட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று. ஆகவே ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் அதற்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் ஒருமுறை கையெழுத்திட்ட ஆட்டக்காரன், கழகம் விடுவிக்கும்வரை அதற்கே உரியவன் என்ற நியதி இத்தீர்ப்பின் நிழலில் வேரூன்றியது. ஜோர்ஜ் டூல்சன் என்ற சிறு லீக் பந்தெறிவோர், தாம் விரும்பாத குழுவுக்கு மாற்றப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1953 இல் அதே நீதிமன்றம் பழைய தீர்ப்பையே உறுதிசெய்து அவருடைய முறையீட்டைத் தள்ளிவிட்டது. பெரு லீக் ஆட்டக்காரர்கள் தம் சங்கத்தின் வலிமையால், 1975 இன் நடுவர் தீர்ப்பு ஒன்றின் மூலம் கழகம் மாறும் உரிமையைப் பெற்றனர். சிறு லீக்கினர் அச்சங்கத்துக்கு வெளியிலே விடப்பட்டிருந்தனர்.

அவர்களுடைய நிலை இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2014 இல் சிலர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். 2018 இல் அமெரிக்கப் பாராளுமன்றம், பெரியதொரு வரவுசெலவு மசோதாவின் உள்ளே ஒரு பிரிவைச் செருகி, அச்சட்டத்தின் பாதுகாப்பின் பெரும்பகுதியிலிருந்து சிறு லீக் ஆட்டக்காரரை விலக்கிவைத்தது. நாட்டின் பாரம்பரியப் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம் என்று அதற்குப் பெயர். எதைக் காப்பாற்றினார்கள் என்பதை எண்கள் சொல்லும். 2019 இல் கீழ்ப்படியொன்றில் ஆடியவருக்குக் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 290 டொலர். அதுவும் ஆட்டம் நடைபெறும் மாதங்களுக்கு மட்டுமே. ஆண்டின் ஏனைய மாதங்களில் அவர் வேறு வேலை தேடவேண்டியிருந்தது.

"விரும்பித்தானே வந்தார்கள்? யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்று கேட்போர் உண்டு. கையெழுத்திடும் சுதந்திரம் ஒருநாளைக்கு; கையெழுத்திட்டபின் கட்டுண்டு கிடப்பது பல ஆண்டுகளுக்கு. அந்த ஒருநாளிலும், பதினெட்டு வயது இளைஞன் ஒருபுறமும் முப்பது கழகங்கள் ஒன்றுகூடி வகுத்த விதிகள் மறுபுறமும் இருக்கும்போது, அது எத்தகைய சுதந்திரம்? விருப்பத்தோடு செய்யும் வேலைக்குக் கூலி குறைவாக இருக்கலாம் என்ற நியாயம், கலைஞரையும் ஆசிரியரையும் தாதிமாரையும் ஏமாற்றுவதற்குக் காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருவது. தொழிலை நேசிப்பது குற்றமன்று. அந்த நேசத்தைச் சம்பளத்திலிருந்து கழிப்பதே குற்றம்.

2022 இல் நிலைமை அசைந்தது. 2014 இன் வழக்கு 185 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்க்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறு லீக் ஆட்டக்காரர்கள், பெரு லீக் ஆட்டக்காரரின் தொழிற்சங்கத்தோடு இணைந்தனர். 2023 இல் அவர்களுடைய முதலாவது கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மேற்படியின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டொலரிலிருந்து 35,800 ஆகவும், கீழ்ப்படியொன்றின் சம்பளம் 11,000 டொலரிலிருந்து 26,200 ஆகவும் உயர்ந்தன. கூடம் முற்றாக நேராகிவிட்டது என்பதன்று. 2021 இலேயே பெருங்கழகங்கள் தம்மோடு இணைந்த சிறு குழுக்களை ஏறத்தாழ 160 இலிருந்து 120 ஆகக் குறைத்துவிட்டன. புதிய ஒப்பந்தமும் கழகம் ஒவ்வொன்றும் வைத்திருக்கக்கூடிய சிறு லீக் ஆட்டக்காரரின் எல்லையை 180 இலிருந்து 165 ஆகச் சுருக்க இடமளித்தது. ஆயினும் ஒரு சுவரேனும் நிமிர்த்தப்பட்டது. அதனை நிமிர்த்தியது எந்த முகாமையாளரின் நல்லுள்ளமுமன்று, ஆடுவோரின் ஒற்றுமையே.

இப்போது நம் வினாவுக்குத் திரும்புவோம். எல்மைராவின் 1962 ஆம் ஆண்டு நமக்கு இரண்டு பாடங்களை ஒருங்கே புகட்டுகின்றது. நல்ல ஆசான் ஒருவன், அமைப்பு கைவிடவிருந்த ஒருவனுக்கு அவனுடைய திறமையையே திருப்பிக் கொடுக்க வல்லவன் என்பது முதற்பாடம். அவ்வாறு கொடுக்கப்பட்டது அந்த ஆசானின் கைக்கெட்டிய தூரம்வரையே நிலைக்கும் என்பது இரண்டாம் பாடம். வீவர் ஒரு முழங்கையைக் காத்திருக்க முடியாது. காயமுற்றவனுக்கு ஓய்வூதியம் வகுத்திருக்க முடியாது. அவர் நல்லவராயிருந்தாலும் தீயவராயிருந்தாலும், அந்தப் பண்ணையின் வரவுசெலவுக் கணக்கு ஒன்றாகவே இருந்திருக்கும். தனிமனிதனின் நற்பண்பு உரிமைக்கு முன்னோடியாகலாம். அதற்கு ஈடாக ஒருபோதும் மாட்டாது.

ஆசிரியரை ஏணி என்றும் தோணி என்றும் புகழ்வது நம் மரபு. அப்புகழ்ச்சியிலே எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஏணிக்குக் கண் இல்லை. தன்மீது ஏறுவோரை அது தாங்கும். தவறி விழுவோரை அது அறியாது. எத்தனை பேர் ஏறலாம் என்று விதித்தவர் யார் என்று அது கேட்பதுமில்லை. மேலேறிய இருவரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் பயிற்றுநன், கீழே நின்றுவிட்ட இருபது பேரின் பெயர்களை மறப்பானாயின், அவன் தன்னை அறியாமலே பண்ணைக்காரனின் கணக்கப்பிள்ளையாகிவிடுகின்றான்.

ஆகவே ஆசானுக்கு இருவகை நேர்மை வேண்டும். மாணவனை நோக்கி, "உன் ஆட்டத்திலே இன்ன குறை இருக்கின்றது, அதைத் திருத்த இதுவே வழி, இதற்குமேல் உன்னால் இயலாமற் போகலாம்" என்று சொல்லும் துணிவு ஒன்று. பொய்யான நம்பிக்கையை ஊட்டி அவனுடைய இளமையைக் கரைப்பது அன்பன்று. அதே மூச்சில், "நீ விழுந்தமைக்கு நீ மட்டும் காரணமல்லை, இக்கூடம் கோணலாகக் கட்டப்பட்டிருக்கின்றது, கட்டியவர் யார், ஏன் கட்டினார் என்பதையும் அறிந்துகொள்" என்று சொல்லும் துணிவு மற்றொன்று. முதலாவதை மட்டும் சொல்பவன் அமைப்பின் காவலாளி. இரண்டாவதை மட்டும் சொல்பவன் வெறும் முழக்கக்காரன். இரண்டையும் சொல்பவனே ஆசான்.

வகுப்பறையில் நின்று மதிப்பெண் பட்டியலைப் படிக்கும் ஒவ்வொருவரும், அப்பட்டியலின் கீழ்ப்பாதியிலுள்ள பெயர்களிடம் ஒருகணம் தரித்து நிற்கட்டும். அவர்களுள் சிலருக்கு நாம் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டோமோ? சிலரிடம் எதுவுமே கேட்காமல் விட்டோமோ? அவ்வினாக்களுக்கு விடை கண்டபின், நூலை எடுத்துக்கொண்டு கூடத்தை அளக்கவும் செல்லவேண்டும். தனியே அன்று, அந்த மாணவர்களையும் உடனழைத்துக்கொண்டு. நூலின் மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டுமல்லவா?